எட்டடித் தூரத்துப் பிரிண்டர்

என் மேசையிலிருந்து எங்கள் வீட்டுப் பிரிண்டர் எட்டடித் தூரத்தில் இருக்கிறது. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில், சாமி அலமாரிக்குப் பக்கத்து மரத்தட்டில், ரூட்டரோடு கேபிளால் இணைத்து வைத்திருக்கிறோம். கறுப்பு மை மட்டும் உள்ள பழைய லேசர் பிரிண்டர். கைப்பேசியிலிருந்து நேரடியாக அச்சிடும் வசதி அதற்குக் கிடையாது. ஆனால் கணவரின் மடிக்கணினியிலிருந்து மகளின் பள்ளிப் பாடங்களையும் அம்மாவின் மருத்துவ அறிக்கைகளையும் ஒரு நாளும் தவறாமல் அச்சிட்டுத் தந்திருக்கிறது. என் அலுவலக மடிக்கணினி மட்டும், நிறுவனத்தின் வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் இணைப்பில் இருக்கும் வரையில், அப்படி ஒரு கருவி இருப்பதையே அறியாமல் இருந்தது. கட்டளை கொடுத்தால் வரிசையில் போய் நிற்கும். சில நொடிகளில் 'ஆஃப்லைன்' என்று காட்டும். எழுந்து போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இதற்கு எனக்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டிருந்தது. நானும் அதையே மற்றவர்களுக்குச் சொல்லி வந்தேன். விபிஎன் என்பது ஒரு சுரங்கப்பாதை. கணினியிலிருந்து புறப்படும் எல்லாமே அதற்குள் புகுந்து, எங்கள் நிறுவனத்தின் வலையமைப்பு நுழைவாயில் இருக்கும் சிங்கப்பூருக்குப் போய்விடும். பிரிண்டருக்கான கோப்பும் அப்படியே போய், அங்கே அந்தப் பிரிண்டரைத் தேடிக் காணாமல் தொலைந்துவிடும் என்பதுதான் அந்த விளக்கம். கேட்பதற்குத் தெளிவாக இருந்ததால் நான் அதை இயற்கையின் நியதிபோல ஏற்றுக்கொண்டேன். மழை பெய்தால் அவுட்டர் ரிங் ரோடு நின்றுவிடும் என்பதை ஏற்றுக்கொள்வதைப்போல. அந்த விளக்கத்தில் ஒரு முக்கியமான துண்டு விடுபட்டிருந்தது என்பதையும், அந்தத் துண்டு தெரியாததால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஓராண்டுக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எல்லாம் திரைக்குப் போய்விட்டது என்று சொன்னாலும் எங்கள் வேலையில் காகிதம் ஒழியவில்லை. மை ஒப்பம் தேவைப்படும் விண்ணப்பங்கள், நியமனதாரர் படிவங்கள், பணியிலிருந்து விலகுபவரின் இறுதிக் கணக்கு, தணிக்கையாளர் கையில் வைத்துப் பார்க்க விரும்பும் ஒப்பீட்டுப் பட்டியல் எனப் பல உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பெல்லந்தூர் அலுவலகத்திலிருந்து மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் தொலைவிலிருந்தே எங்கள் வீட்டுப் பிரிண்டரை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை நிறுவிக் கொடுத்தார்கள். அப்போது விபிஎன் இணைப்பை நாமே துண்டித்து, அச்சிட்டுவிட்டு, மறுபடி இணைத்துக்கொள்ள முடிந்தது. தொல்லைதான் என்றாலும் வேலை நடந்தது.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பிற்பகலில் ஊதிய உயர்வுப் பட்டியல் ஒன்றை அச்சிட மூன்று முறை கட்டளை கொடுத்தேன், ஒன்றும் வரவில்லை. கூட்டம் ஒன்று தொடங்கிவிட்டதால் அதை மறந்துபோனேன். இரவு விபிஎன்னைத் துண்டித்துவிட்டு நான் சமையலறைக்குப் போன பின், வரிசையில் காத்திருந்த மூன்று பிரதிகளும் தாமாக அச்சாகித் தட்டில் விழுந்திருக்கின்றன. மறுநாள் காலையில் அம்மா மளிகைக் கடைக்குக் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பதினேழு பேரின் பெயரும் சம்பளமும் இருந்தன. பின்பக்கம் வெறுமையாக இருக்கும் தாளை அம்மா வீணாக்க மாட்டார். அதில் அவர்மீது ஒரு குற்றமும் இல்லை. கடைக்குப் போவதற்கு முன்னால் என் கண்ணில் பட்டதனால் தப்பித்தோம் என்று அன்று நிம்மதி அடைந்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

2022இல் நிறுவனம் விபிஎன்னை எப்போதும் இணைந்தே இருக்கும்படி மாற்றியது. கணினி இணையத்தைத் தொட்ட உடனே சுரங்கப்பாதை திறந்துகொள்ளும். அதை மூடும் பொத்தான் எங்களுக்கு இல்லை. யுஎஸ்பி கேபிளால் நேராக இணைத்தால் விபிஎன் குறுக்கே வராது, ஏனென்றால் அது வலையமைப்பு வழியே போவதில்லை. ஆனால் அப்படி இணைப்பதற்குப் புதிதாக நிர்வாகி அனுமதி வேண்டும். 2021இல் விண்டோஸின் அச்சுச் சேவையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் பெற்ற ஓட்டை வெளிப்பட்டதிலிருந்து, டிரைவர் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தொழில்நுட்பப் பிரிவு தயங்கியது. ஆகவே நான் இன்னொரு வழியைப் பழகிக்கொண்டேன். கோப்பைக் கணவரின் மின்னஞ்சலுக்கு அனுப்புவேன்; அவர் தம் மடிக்கணினியில் திறந்து அச்சிட்டுத் தருவார். இரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது. எத்தனை பேரின் வங்கிக் கணக்கு எண்கள் அவருடைய அஞ்சல்பெட்டியில் சேர்ந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை

2024 ஜூன் மாதம். எங்கள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் மே மாதக் கடைசியில் மாரடைப்பில் இறந்துபோனார். அப்போது நடப்பிலிருந்த, கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடைக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொகை கொடுக்க வேண்டியதான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டியிருந்தது. அவருடைய மனைவி ஓசூரில் தம் பிறந்த வீட்டில் இருந்தார். அவரை அலைக்கழிக்கக் கூடாது என்பதனால், ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போய் ஒப்பம் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கோப்பு இறுதியானது. கணவர் கோயம்புத்தூரில் இருந்தார். அவருடைய மடிக்கணினியும் அவரோடு இருந்தது. பிரிண்டர் எட்டடித் தூரத்தில் பச்சை விளக்கோடு இருந்தது.

அலுவலக அஞ்சலை என் கைப்பேசியில் திறந்து, கோப்பை இறக்கி எடுத்துக்கொண்டு, மழை சற்று விட்டதும் கல்கெரே சாலையில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பையன், "வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்கக்கா" என்று சுவரில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினான். அனுப்பினேன். அவன் கணினியைத் திறந்து, இறக்கங்கள் சேரும் கோப்புறையை விரித்து, என் கோப்பைத் தேடினான். திரை என் பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் கோப்புறையில் நூற்றுக்கணக்கான சிறு படங்கள் இருந்தன. ஆதார் அட்டைகள், பான் அட்டைகள், வாடகை ஒப்பந்தங்கள், யாரோ ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். அவற்றுக்கு நடுவே, கடைசியாகச் சேர்ந்ததாக, எங்கள் நிறுவனத்தின் முத்திரையோடு நான் அனுப்பிய கோப்பு. அதில் இறந்தவரின் ஆதார் நகல், அவர் மனைவியின் வங்கிக் கணக்கு எண், இரண்டு குழந்தைகளின் பெயரும் வயதும், கிடைக்கப் போகும் தொகையும் இருந்தன. ஆறு தாள்களுக்கு முப்பது ரூபாய் கொடுத்தேன்.

காகிதங்களைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு திரும்பி நடக்கும்போது என் கால்கள் தளர்ந்ததை இப்போதும் நினைவுகூர முடிகிறது. இந்தக் கோப்பு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் எங்கள் நிறுவனம் சிங்கப்பூர் வரையில் ஒரு சுரங்கப்பாதை போட்டிருக்கிறது. தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கம், இரட்டை அடையாளச் சரிபார்ப்பு, எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு எல்லாம் அதற்காகத்தான். அத்தனையும் சேர்ந்து, என் வீட்டுக்குள்ளேயே எட்டடித் தூரம் போயிருக்க வேண்டிய ஒரு கோப்பை, முன்பின் தெரியாத ஒருவருடைய கணினியில் கொண்டுபோய் வைக்க வழி செய்திருந்தன. அனுப்பிய கை என்னுடையது; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கை அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கேட்காமல் இனி இருக்க முடியாது என்றும் தோன்றியது.

வழிப்பட்டியலில் இரண்டு வரிகள்

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு நேரில் போய், தொழில்நுட்பப் பிரிவில் இருக்கும் தென்காசிப் பையன் ஒருவரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். பிரிண்டருக்கான கோப்பு சிங்கப்பூருக்குப் போய்த் தொலைகிறது என்ற என் விளக்கத்தையும் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "பாதிதான்க்கா சரி. அதுவா வழி தவறிப் போகல. நாமதான் வழியை மாத்தி எழுதியிருக்கோம்" என்றார். மறுநாள் நான் வீட்டிலிருந்து வேலை செய்தபோது, திரையைப் பகிர்ந்துகொண்டு, என் கணினியின் வழிப்பட்டியலைக் காட்டினார்.

எந்த முகவரிக்குப் போகும் தரவு எந்த வாசல் வழியே போக வேண்டும் என்று ஒவ்வொரு கணினியும் தனக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், எது குறுகலான வட்டத்தைக் குறிக்கிறதோ அதற்கே முன்னுரிமை. எல்லாவற்றையும் என் வழியே அனுப்பு என்று விபிஎன் எழுதும் வரி, உலகத்தின் எல்லா முகவரிகளுக்கும் பொதுவான, மிகவும் அகன்ற வரி. எங்கள் வீட்டு வலையமைப்பைக் குறிக்கும் வரியோ 192.168.1 என்று தொடங்கும் 256 முகவரிகளை மட்டும் குறிப்பது. ஆகவே, விபிஎன் அந்த அகன்ற வரியை மட்டும் எழுதியிருந்தால், பிரிண்டருக்கான கோப்பு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தே இருக்காது. வீட்டு வைஃபை வழியே நேராகப் பிரிண்டருக்குப் போயிருக்கும். இதைக் கேட்டபோது நான் திகைத்துப் போனேன், ஏனென்றால் இத்தனை ஆண்டுகளாக நான் நம்பியதற்கு இது நேர் எதிர்.

பிறகு அவர் இன்னொரு வரியைச் சுட்டிக் காட்டினார். அதே 192.168.1 வட்டத்துக்கு, அதே அளவில், இரண்டாவதாக ஒரு வரி இருந்தது. அதன் வாசல் விபிஎன். இரண்டு வரிகளும் சம அளவாக இருக்கும்போது, மெட்ரிக் என்ற எண் எதற்குச் சிறியதோ அதையே விண்டோஸ் தேர்ந்தெடுக்கும். விபிஎன் எழுதிய வரியின் எண் சிறியதாக இருந்தது. கோப்பு சிங்கப்பூருக்குப் போவதும் அங்கே கைவிடப்படுவதும் உண்மைதான். ஆனால் அது நடப்பதற்கு, என் வீட்டு வலையமைப்பை மறைப்பதற்கென்றே, ஒரு வரி எழுதப்பட வேண்டியிருந்தது. அதே பட்டியலில், விபிஎன் தன் சொந்தத் தேவைக்காக, எங்கள் ரூட்டருக்கும் சிங்கப்பூர் வாயிலுக்கும் மட்டும் சுரங்கத்துக்கு வெளியே தனி வழி விட்டிருந்தது. அதுவும் இல்லாவிட்டால் சுரங்கப்பாதையே நிற்காது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது மிகச் சிறிய வேறுபாடு. எனக்கு இது எல்லாவற்றையும் மாற்றியது. தொலைந்து போகிறது என்றால் அதற்கு யாரும் பொறுப்பில்லை, கேட்பதற்கும் ஆளில்லை. ஆகவேதான் நான் கணவரின் அஞ்சலையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்பையும் தேடிப் போனேன். தடுக்கப்படுகிறது என்றால், யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு அது. அந்தக் காரணத்தைக் கேட்கலாம். என் நிலைமையைச் சொல்லலாம். இந்த ஒரு செய்தி எங்கள் உதவிப் பக்கத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. 'விபிஎன்னில் இருக்கும்போது வீட்டுப் பிரிண்டர் வேலை செய்யாது' என்ற ஒரே வாக்கியம்தான் இருந்தது. அந்த வாக்கியத்தில் எழுவாயாகப் பிரிண்டர் மட்டும் இருந்தது, தடுப்பவர் இல்லை.

காரணங்கள் இருக்கின்றன

பாதுகாப்புக் குழுவின் தலைவருக்கு நீண்ட மடல் ஒன்று எழுதினேன். சனிக்கிழமை நடந்ததை மறைக்காமல் எழுதினேன். அதற்கான விசாரணையும் நடந்தது, எச்சரிக்கைக் கடிதமும் வந்தது, அது நியாயமே. ஆனால் அவர் என் கேள்வியை ஒதுக்கிவிடாமல் அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்ன காரணங்களை நான் மதிக்கிறேன்.

முதலாவது, முகவரிகள் மோதும் சிக்கல். 1996இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம், தனியார் வலையமைப்புகளுக்கென்று மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது, அவற்றுள் 192.168 என்று தொடங்குவது ஒன்று. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வீட்டு ரூட்டர்கள் அதையே பயன்படுத்துகின்றன. எங்கள் நிறுவனத்தின் பழைய சர்வர்கள் சிலவும் அதே வட்டத்தில் இருந்தன. வீட்டு வரிக்கு முன்னுரிமை கொடுத்தால் அந்தச் சர்வர்களை எட்ட முடியாது. இரண்டாவது, வீட்டு வலையமைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. பாதுகாப்பற்ற ஒரு கேமரா, பழைய தொலைக்காட்சிப் பெட்டி, விருந்தாளியின் கைப்பேசி என எதுவும் இருக்கலாம்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முற்றிலும் புதிது. 2023 ஆகஸ்டில், மேத்தி வான்ஹூஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'டனல்கிராக்' என்ற பெயரில் ஒரு தாக்குதல் முறையை வெளியிட்டார்கள். உள்ளூர் வலையமைப்புக்கு விலக்குக் கொடுக்கும் விபிஎன்னை ஒரு போலி வைஃபை ஏமாற்ற முடியும். இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் பொது முகவரி அடங்கிய வட்டத்தையே உள்ளூர் வலையமைப்பு என்று அது அறிவித்தால், அந்தச் சர்வருக்குப் போக வேண்டிய தரவு சுரங்கத்துக்கு வெளியே, தாக்குபவரின் கைக்குப் போய்விடும். பிரிண்டருக்காகத் திறந்த வாசல் வேறெதற்கோ பயன்பட்டுவிடும். இதைக் கேட்ட பின், எங்கள் நிறுவனம் காரணமில்லாமல் கதவை அடைத்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும், முழுதாகத் திறப்பதற்கும் முழுதாக அடைப்பதற்கும் நடுவே வழிகள் உண்டு, அவை புதியவையும் அல்ல. உள்ளூர் விலக்கைத் தனியார் முகவரித் தொகுதிகளுக்கு மட்டும் என்று வரையறுத்தால் மேற்சொன்ன ஏமாற்று பலிக்காது. பரவலாகப் புழங்கும் சிஸ்கோவின் விபிஎன் மென்பொருளுக்கான நிர்வாகக் கையேட்டில், உள்ளூர் பிரிண்டருக்கென்றே ஒரு விதித்தொகுப்பு நெடுநாளாக இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் தடு. பிறகு அச்சிடுவதற்கான 515, 631, 9100 ஆகிய, போர்ட்டுகள் எனப்படும் எண்ணிட்ட நுழைவழிகளையும், பெயர் சொல்லிப் பிரிண்டரைக் கண்டுபிடிக்க உதவும் 5353 போன்ற சிலவற்றையும் மட்டும் திற என்பதே அதன் சாரம். தென்காசித் தம்பிதான் இதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் அதை என் மடலில் இணைத்தேன். அதோடு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது என்பதையும், ஜெராக்ஸ் கடைக் கணினியில் கிடந்த ஒரு விதவையின் வங்கி விவரத்தை அந்தச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பதையும் கேட்டிருந்தேன். எங்கள் பிரிவில் இருக்கும் ஒன்பது பேரிடமும் அவரவர் எப்படி அச்சிடுகிறார்கள் என்று விசாரித்தேன். ஒருவர்கூட விபிஎன் வழியே அச்சிடவில்லை. ஒருவர்கூட அச்சிடாமலும் இல்லை. அந்த விவரத்தையும் பெயர் குறிப்பிடாமல் எழுதினேன். என் கருத்தில், மற்ற எல்லாவற்றையும்விட அதுவே அவர்களை அசைத்தது.

அனுமதி வர ஐந்து வாரங்கள் ஆயின. சம்பளக் கணக்குப் பிரிவுக்கு மட்டும், பதிவு செய்யப்பட்ட ஒரே ஒரு வீட்டுப் பிரிண்டரின் முகவரிக்கு மட்டும், அச்சிடும் போர்ட்டுகள் மட்டும் திறக்கப்பட்டன. பிரிண்டரைப் பெயரால் கண்டுபிடிக்கும் வசதியைத் திறக்கவில்லை. ஆகவே ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், பிரிண்டருக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ஒதுக்கி வைத்தேன். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் முகவரி மாறிவிடக்கூடும். ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, விபிஎன் இணைந்திருக்கும்போதே, முதல் தாள் வெளியே வந்தது. அம்மா அதை எடுத்து வந்து, பின்பக்கத்தைப் பார்க்காமல், என் கையில் கொடுத்தார்.

அதற்கு முன்பே ஜெராக்ஸ் கடைக்குப் போய், என் கோப்பை அழிக்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பையன் மறுப்பேதும் சொல்லாமல், என் கண்முன்னே வாட்ஸ்அப்பிலிருந்தும் கோப்புறையிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தான். கணவரின் அஞ்சல்பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து துடைத்தோம். இருநூற்றுப் பதினான்கு மடல்கள் இருந்தன.

தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் பிரிவில் மூன்று பேர் மாரத்தஹள்ளியில் பேயிங் கெஸ்ட் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். நாற்பது பேர் ஒரே வைஃபையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தை வீட்டு வலையமைப்பாகக் கருத முடியாது என்று அவர்களுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதிலும் காரணம் உண்டு. 9100 போர்ட் வழியே போகும் கோப்பு மறையாக்கம் செய்யப்படாதது; அதே வலையமைப்பில் இருக்கும் வேறொருவர் அந்த முகவரியைத் தமதாக்கிக்கொண்டு கோப்பை வாங்கிக்கொள்ள முடியும். மறையாக்கத்தோடு அச்சிடும் முறை இருக்கிறது, ஆனால் விடுதியின் பிரிண்டருக்கு அது தெரியாது. அவர்கள் மூவரும் இப்போதும் தெருமுனைக் கடைக்குத்தான் போகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் அலுவலகத்துக்கு வந்து அச்சிட்டுப் போக நிறுவனம் வண்டி அனுப்பலாமா, அல்லது அவர்களுக்குத் தனியாக யுஎஸ்பி அனுமதி கொடுக்கலாமா என்று கேட்டு, கடந்த மாதம் இரண்டாவது மடல் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.